கதவில் இறக்கும் எடை

பழைய கார் ஒன்றைப் பந்தயப் பாதையில் ஓட்டிப் பார்க்க நம் புதுச்சேரிப் பக்கத்தில் ஆசைப்படுகிறவர்களுக்கு முதலில் கைக்கு எட்டுவது ஃபியட் 1100தான். 1970களில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறி, பம்பாய் குர்லா ஆலையிலிருந்து நூற்றாண்டின் முடிவு வரை வந்துகொண்டிருந்த அதே வண்டி. அதன் 1,089 சிசி எஞ்சின் தருவது 40 குதிரைத்திறனை ஒட்டித்தான். வெறும் வண்டியின் எடை 900 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஓட்டுநரையும் ஏற்றினால் ஒவ்வொரு குதிரைத்திறனும் ஏறக்குறைய 24 கிலோவை இழுக்கிறது. இதில் 40 கிலோவை இறக்கிவிட்டால், எஞ்சினைத் தொடாமலே ஒன்றரைக் குதிரைத்திறன் கூடிய பலன். எஞ்சினைப் பிரித்துக் கூட்டும் செலவைவிட இது மலிவு. பிரேக்குக்கும் டயருக்கும்கூட வேலை குறையும். ஆகவே எடை குறைக்க நினைப்பவரின் கை முதலில் கதவுக்கும் கண்ணாடிக்கும் போகிறது. கழற்றுவது எளிது, செய்த மாற்றம் கண்ணுக்கும் தெரியும். இது சரியான வழக்கமா? மிச்சமாகும் எடையை ரோல் கேஜுக்கு, அதாவது ஓட்டுநரைச் சுற்றிய குழாய்க் கூண்டுக்கு, செலவிடத் தயாராக இருப்பவர் தாராளமாகச் செய்யலாம், வேகத்துக்காக மட்டும் செய்கிறவர் செய்யக்கூடாது என்பதே என் நிலைப்பாடு.

வழக்கம் புதிதல்ல. 1965இல் வந்த ஆல்ஃபா ரோமியோ ஜூலியா ஸ்பிரின்ட் ஜிடிஏ, உடலின் வெளித்தகடுகளை அலுமினியக் கலவைக்கு மாற்றிக்கொண்டு, தாங்கும் கூட்டை இரும்பிலேயே வைத்திருந்தது. 1967இன் போர்ஷே 911 ஆர் ஒரு படி மேலே போய் ஃபைபர் கதவும் பிளாஸ்டிக் ஜன்னலும் போட்டுக்கொண்டு 800 கிலோவை நெருங்கியது. ஆனால் இவை ஆலையிலேயே பந்தயத்துக்கென்று கணக்குப் போட்டுக் கட்டப்பட்டவை. சோழவரத்து விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்தில் ஓடிய ஃபியட்டும் ஹெரால்டும் குடும்பம் ஏறிப்போகும் வண்டிகளாகப் பிறந்தவை. 1990இல் சென்னைப் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்கு இடம் பெயர்ந்த பிறகும் அந்த வண்டிகளின் பிறப்பு மாறிவிடவில்லை. வெளிநாட்டுப் படத்தைக் காட்டி 'இதுபோலச் செய்' என்று பட்டறையில் கேட்கும்போது இந்த வேறுபாடுதான் முதலில் மறந்துபோகிறது.

கண்ணாடியில் கணக்கு நன்றாகவே பொருந்துகிறது. 5 மில்லிமீட்டர் கண்ணாடி சதுர மீட்டருக்குப் பன்னிரண்டரைக் கிலோ. 4 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் ஐந்து கிலோவுக்கும் கீழே. நான்கு கதவுக் கண்ணாடியும் பின்கண்ணாடியும் சேர்ந்து ஒன்றரைச் சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 11 கிலோவுக்குமேல் மிச்சம். கண்ணாடியை ஏற்றி இறக்கும் வைண்டரையும் எடுத்துவிட்டால் இன்னும் சில கிலோ. கண்ணாடியின் எடை இடுப்புக்கு மேலே இருப்பது என்பதுதான் முக்கியம். அங்கே குறையும் ஒவ்வொரு கிலோவும் வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும். தரைக்கருகில் குறையும் கிலோவுக்கு அந்தப் பலன் இல்லை. ஆனால் பொருளைத் தேர்வதில் கவனம் வேண்டும். பெயர்ப்பலகைக் கடையில் எளிதாகக் கிடைக்கும் அக்ரிலிக் மோதினால் கூர்மையான சில்லுகளாக உடையும். அதை வண்டியில் போடவே கூடாது. பாலிகார்பனேட் உடையாது, ஆனால் எளிதில் கீறும். மேற்பூச்சு இல்லாத ஷீட் வில்லியனூர் வெயிலில் நின்றால் நாளடைவில் மஞ்சளாகும். பெட்ரோலோ தின்னரோ பட்ட துணியால் துடைத்தால் நுண்ணிய வெடிப்பு விடும். முன்கண்ணாடி மட்டும் லேமினேட்டட் கண்ணாடியாகவே இருக்கட்டும். வைப்பர் ஓடி ஓடிப் பார்வையை மங்கவைக்கும் பொருளுக்கு அங்கே இடமில்லை. உடையாத குணமே ஆபத்தாவதும் உண்டு. வண்டி கவிழ்ந்து கதவு சிக்கிக்கொண்டால் சுத்தியலால் தட்டி உள்ளே கைவிட முடியாது. வெளியிலிருந்து ஒரே இழுப்பில் பிரியும்படி ஜன்னலைப் பொருத்தாதவர் எடையைக் குறைத்து உயிரைப் பணயம் வைக்கிறார்.

கதவுத் தகட்டுக்கு வந்தால் கணக்கு அவ்வளவு தாராளமாக இல்லை. பாகூர் கொம்யூனின் கடலோரத்தில், நரம்பை, பனித்திட்டு, மூர்த்திக்குப்பம் பக்கமெல்லாம் ஃபைபர் படகு வந்துவிட்டது. சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை பெருமளவு அதற்கு மாறியது. மேட் விரித்து, ரெசினில் கேட்டலிஸ்ட் கலந்து, ரோலரால் காற்றுக்குமிழியை வெளியேற்றும் வேலை இங்கே அறிந்த வேலை. பழைய கதவிலிருந்து மோல்டு எடுத்து ஃபைபர் கதவு ஊற்ற வெளியூர் போக வேண்டியதில்லை. இந்தக் கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆனால் படகுக்காரரின் கை அலைக்குப் பழகியது: தடிமனாக, ரெசின் தாராளமாக. கதவுக்கு அந்தப் பழக்கம் எதிரி. 0.9 மில்லிமீட்டர் இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு 7 கிலோ. 450 கிராம் மேட் இரண்டு அடுக்கு போட்ட 2 மில்லிமீட்டர் ஃபைபர் 3 கிலோ. பாதிக்கு மேல் லாபம் என்று தோன்றும். ஆனால் இத்தகைய ஃபைபரின் விறைப்பு இரும்பின் இருபத்தைந்தில் ஒரு பங்குதான். அதே தகடு வளையாமல் நிற்க வேண்டுமென்றால் தடிமன் 2.6 மில்லிமீட்டரைத் தொட வேண்டும். எடை 4 கிலோவாகிவிடும். மிச்சம் சதுர மீட்டருக்கு 3 கிலோ. கை சற்றுத் தாராளமானால் அதுவும் இல்லை.

இந்த 3 கிலோவுக்காக எதைக் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். பத்மினியில் தனிச் சட்டகம் கிடையாது, உடலே தாங்குகிறது. பக்கவாட்டில் அடி விழும்போது கதவின் உள்கூடும் கீலும் பூட்டும் அந்த விசையைத் தூண்களுக்குக் கடத்துகின்றன. அந்தக் காலத்துக் கதவில் பக்கமோதலுக்கென்று குறுக்குக் கம்பியே இல்லையே, அது என்ன காப்பாற்றப் போகிறது என்று கேட்பார்கள். குறைவாகத்தான் காப்பாற்றும், உண்மை. அந்தக் குறைவையும் எடுத்துவிடலாம் என்பதற்கு அது காரணமாகாது. இரும்பு மடங்கி விசையை உண்ணும். மெல்லிய மேட் ஃபைபர் பிளந்து முனைகளை உள்ளே நீட்டும். கதவின் வேலையை வேறொன்று செய்தால் மட்டுமே கதவை மெலிதாக்கலாம். அந்த வேறொன்று, பக்கவாட்டுக் கம்பிகளோடு கூடிய ரோல் கேஜ். 38 மில்லிமீட்டர் விட்டமும் இரண்டரை மில்லிமீட்டர் சுவரும் உள்ள குழாய் மீட்டருக்கு 2.2 கிலோ. 15 மீட்டர் போனால் 33 கிலோ, அதில் ஒரு பகுதி தலைக்கு மேலே. கண்ணாடியிலும் வைண்டரிலும் உள் டிரிம்மிலும் கதவுத் தகட்டிலும் குறைத்தது எல்லாம் இங்கே திரும்பிப் போகிறது. வண்டி முன்பிருந்த எடைக்கே வந்து நிற்கும், ஆனால் ஓட்டுநரைச் சுற்றி ஒரு கூண்டு இருக்கும். இதை நஷ்டம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

ஃபைபர் கதவுக்கு ஆதரவாக வலுவான வாதம் ஒன்று உண்டு. அது எடையைப் பற்றியதல்ல, துருவைப் பற்றியது. உப்புக்காற்றில் பத்மினிக் கதவின் அடிவிளிம்பு அரித்துப் போகிறது. புதிய கதவு கிடைப்பதில்லை. டிங்கரிங் செய்து பட்டி பூசியதும் சில மழைக்காலத்துக்குத்தான். இதை ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் ஜிடிஏ காட்டிய வழியே நல்லது: இரும்பு உள்கூட்டையும் கீலையும் பூட்டையும் சரிசெய்து வைத்துக்கொண்டு, வெளித்தோலை மட்டும் ஃபைபரில் ஊற்றுவது. வெளித்தோல் துருப்பிடிக்காது, கதவு கதவாகவே இருக்கும்.

மிச்சமிருப்பது சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் தந்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2021இல் வந்த விண்டேஜ் வாகன விதிகள் 50 ஆண்டு கடந்த வண்டிக்குத் தனிப் பதிவு தருகின்றன, ஆனால் உடற்கூட்டிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் செய்திருக்கக் கூடாது. 1970களின் முற்பகுதியில் வந்த வண்டிகள் இப்போதுதான் அந்த வரம்பைத் தொடுகின்றன. கூண்டை வெல்டிங் செய்து, அசல் கதவைக் காயலான் கடைக்கு எடைக்குப் போட்டவருக்கு அந்தப் பதிவின் கதவு அடைபடும். போல்ட்டில் கழலும் கூண்டையும், பரணில் பத்திரமாக இருக்கும் நான்கு அசல் கதவுகளையும் வைத்திருப்பவருக்குத் திரும்ப வழி உண்டு. பாலிகார்பனேட் ஜன்னல் போட்ட வண்டியைத் திண்டிவனம் வழியாக இருங்காட்டுக்கோட்டைக்கு ஓட்டிப் போகாமல் லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். மலிவான குதிரைத்திறன் என்று கணக்குப் போடும்போது அந்த வாடகையையும், போகவரும் ஒவ்வொரு முறைக்கும், சேர்த்தே எழுத வேண்டும்.