குன்றக் கூறிய அதிர்வு

2020ஆம் ஆண்டு யூலையில் 'சயன்ஸ்' என்னும் விஞ்ஞான ஏட்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை நம் மாணவர் சிலரை வெகுவாகக் கவர்ந்திருக்கின்றது. பெல்ஜிய அரச வானாய்வு நிலையத்தைச் சேர்ந்த தொமஸ் லெகொக் முதலாக 76 அறிஞர்கள் கூடி எழுதியது அது. கொரோனாத் தொற்றினால் உலகம் முடங்கிய மாதங்களில் நிலத்தின் நுண்ணதிர்வும் தணிந்தது என்பது அதன் முடிபு. 117 நாடுகளில் 268 நிலையங்களின் பதிவுகளை ஆராய்ந்து, 185 நிலையங்களில் இத்தணிவைக் கண்டனர். சில இடங்களில் அது 50 வீதம் வரை சென்றது.

இம்முடிபோடு நமக்குப் பிணக்கில்லை. பூகம்பத்தை அளக்க வைத்த கருவி, வண்டிச் சக்கரத்தையும் ஆலை இயந்திரத்தையும் கூடவே பதிவு செய்கின்றது. செக்கனுக்கு 4 முதல் 14 வரையான அதிர்வுகளில் இவ்வோசையை அவர்கள் தேடினர். இரைச்சல் என்று நெடுங்காலம் ஒதுக்கப்பட்டதையே சான்றாக்கியது பாராட்டுக்குரிய பணி. ஆயின் கட்டுரை அவ்வளவில் நிற்கவில்லை. மனிதச் செயற்பாட்டை நிகழ்காலத்திலேயே மதிப்பிட நில அதிர்வியல் வழிசெய்யும் என்றும் கூறுகின்றது. இங்குதான் நாம் மாறுபடுகின்றோம்.

2020 மார்ச் 20ஆம் தேதி இலங்கையில் ஊரடங்கு பிறந்தது. கண்டி வீதிகள் வெறிச்சோடின. தேயிலைத் தோட்டங்களுக்கோ விலக்கு அளிக்கப்பட்டது. நாடு வீட்டுக்குள் இருந்தபோது மலைநாட்டுப் பெண்கள் கொழுந்துக்குச் சென்றனர். ஹேவாஹெட்டையின் சரிவிலே ஒருத்தி கூடையைச் சுமந்து ஏறுகிறாள். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாய்க் கிள்ளுகிறாள். அட்டை கடித்த காலோடு அடுத்த நிரைக்கு நகர்கிறாள். வடக்கே பல்லேகலையில் உள்ள உலக வலைப்பின்னலின் நிலையத்துக்கு அவள் காலடி எட்டுமா? எட்டாது. எட்டக்கூடியவை லொறியும் இயந்திரமுமே. சக்கரத்தின் ஓட்டத்தை அளந்துவிட்டு அதற்கு மனிதச் செயற்பாடு என்று பெயரிட்டால் அவளை எங்கே சேர்ப்பது? நன்னூலார் நூற்குற்றம் பத்தினுள் முதலில் வைத்தது குன்றக் கூறல். அடுத்தது மிகைபடக் கூறல். அளவிலே முன்னதும் பெயரிலே பின்னதும் ஒருங்கே நேர்ந்துள்ளன. (பூமித்தாய் ஓய்வெடுத்தாள் என்று உருகி எழுதியோரை இலக்கணங்கொண்டு திருத்த முடியாது, விட்டுவிடுவோம்.)

காலடியைக் கேட்க விஞ்ஞானத்துக்குச் செவி இல்லையா? இருக்கின்றது. 1968 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் லாவோஸ் காடுகளில், ஹோ சி மின் பாதை நெடுகிலும், அதிர்வையும் ஒலியையும் உணரும் கருவிகளை வீசின. சிலவற்றைச் செடிபோலவே சமைத்திருந்தனர். நடந்து செல்வோரின் காலடியும் லொறியின் உறுமலும் வானொலி அலைகளாய்த் தாய்லாந்தின் நகோன் பனோம் தளத்தை அடைந்தன. அங்கே கணினிகள் குறித்த இடத்தில் குண்டுகள் விழுந்தன. அருகிலே கருவியை நட்டால் ஓர் ஏழையின் காலடியும் கேட்கும். எங்கே நடுவது, எதற்காக நடுவது என்பதை முடிவு செய்வோர் யார் என்பதே நாம் எழுப்பும் வினா.

இதே கருவி நமக்கு ஊழியம் செய்வதையும் மறைக்கலாகாது. 2020 ஓகஸ்ற் 29ஆம் தேதி விக்டோரியா நீர்த்தேக்கத்தை அண்டிய ஊர்களில் நிலம் அதிர்ந்தபோது, அது சுண்ணாம்புக்கல் அகழ்வின் வெடியா, நிலத்தின் உள்ளியக்கமா என்ற ஐயம் எழுந்தது. புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம் ஆராயப் புகுந்தது. இத்தகைய ஐயத்தைத் தீர்க்க ஊர்வம்பு போதாது, பதிவுதான் வேண்டும்.

பல்லேகலைப் பதிவுகள் எவரும் பெறத்தக்கவாறு திறந்தே உள்ளன. மேல்வகுப்பு மாணவர் அவ்வூரடங்கு வாரங்களின் கோடுகளை எடுத்து, அதே வாரங்களுக்குரிய தோட்டத்துச் செக்றோலை அருகில் வைத்துப் பார்க்கட்டும். தம் தாயின் பெயர்ப் பேரை எந்த ஏட்டில் தேடவேண்டும் என்று அவர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை.