கைகட்டி நிற்பதுதான் நாட்டுப்பற்றா?

முடிச்சூரில் நாம் பாடம் சொல்லும் பள்ளியில் ஒரு காலை. நாட்டுப்பண் ஒலித்தது. அனைவரும் அசையாது நின்றனர். காது கேளாத மாணவன் ஒருவன் மட்டும் கைகளை அசைத்தான். விரைந்து சென்று அக்கைகளைப் பிடித்து இறக்கினோம். அவன் விளையாடவில்லை, பாடினான் என்பதைப் பின்னரே அறிந்தோம். பகுத்தறிவு பேசும் நாம், ஒரு பாட்டின் குரல்வளையை நெரித்துவிட்டோம்!

அந்த வெட்கத்தோடுதான் கிறிஸ்டின் சன் கிம்மின் ஓவியங்களை அச்சுப் படங்களில் கண்டோம். 1980-இல் கலிபோர்னியாவில், கொரியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்தவர். பிறவியிலேயே செவிப்புலன் அற்றவர். 2020 பிப்ரவரி 2 அன்று, மியாமியில், அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியின் திடலில், அந்நாட்டுப் பண்ணைச் சைகை மொழியில் பாடினார். தொலைக்காட்சியோ சில நொடிகள் மட்டும் காட்டிவிட்டு, ஆட்டக்காரர் பக்கம் முகம் திருப்பிற்று. மேடை கிடைத்தது, மொழிக்கு இடம் கிடைக்கவில்லை!

கிம் கரிக்கோலை எடுத்தார். அதே ஆண்டு, அப்பண்ணின் மூன்றாம் பகுதியை ஓவியமாக்கினார். அடிமையைப் பற்றிய சொல் கிடக்கும் பகுதி அது. விழாக்களில் அதைப் பாடுவதில்லை. கேட்போர் விழுங்கிய வரியை, கேளாதவர் எழுதிக் காட்டுகிறார்! இசைக்கு ஐந்து கோடுகள் இடுவது மேலை மரபு. கிம்மின் ஓவியங்கள் பலவற்றில் கோடுகள் நான்கே; நான்கு விரல் நீட்டும் சைகைச் சொல்லின் வடிவம் அது. செவி வகுத்த இலக்கணத்தைக் கை திருத்துகிறது.

குறை இல்லையா? உண்டு. சைகையின் விரைவும் முகத்தின் மெய்ப்பாடும் தாளில் உறைந்துவிடுகின்றன. ஆங்கிலம் அறியாதார்க்குப் பாதி ஓவியம் எட்டாது. எனினும், எழுப்பும் கேள்வி எல்லைகள் கடந்தது.

1880-இல் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, வாய்ப்பேச்சே உயர்ந்தது என்று தீர்மானித்துச் சைகை மொழியைப் பள்ளிகளினின்று விரட்டியது. அதற்கு வருத்தம் தெரிவிக்க 2010-ஆம் ஆண்டு வான்கூவர் மாநாடு வரவேண்டியிருந்தது! 1938-இலும் 1965-இலும் மொழித் திணிப்பை எதிர்த்தெழுந்த தமிழகத்திற்கு இக்கொடுமை விளங்காதா?

2017-இல் டில்லிச் செங்கோட்டையில் இந்தியச் சைகை மொழி நாட்டுப்பண் படம் வெளியிடப்பட்டது. நன்று! ஆனால் அரசியல் சட்டத்தின் எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் சைகை மொழி இல்லை. விழாவில் வணக்கம், சட்டத்தில் மௌனம்!

தோழர்களே, "கைகளை ஒட்டி நில்" என்பது நமக்கு ஒழுங்கு, அவனுக்கோ வாய்ப்பூட்டு. இனி எம் பள்ளியில் பண் ஒலிக்கையில் அவன் கைகள் உயரட்டும். அவற்றைப் படிக்க நாம் கற்போம்.