ஈரலுக்கு வகுத்த முறை எலும்புக்குப் பொருந்துமா?

நாயின் குடலில் வாழும், ஒரு சென்டிமீட்டர் நீளம்கூட இல்லாத எக்கினோகாக்கஸ் என்னும் நாடாப்புழுவின் முட்டை மனித உடலுக்குள் புகுவதால் உண்டாகும் ஹைடாடிட் நீர்க்கட்டி பெரும்பாலும் ஈரலிலும், அதற்கு அடுத்தபடியாக நுரையீரலிலும் வளர்கிறது. தசையிலும் எலும்பிலும் அது காணப்படுவது நூற்றில் சிலரிடம் மட்டுமே. ஆகவே, அல்ட்ராசவுண்ட் படத்தைக் கொண்டு கட்டியின் உயிர்ப்பை நிலைகளாகப் பிரித்து, 2003இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு வெளியிட்ட வகைப்பாடும், அதையொட்டி மாத்திரையா, ஊசியா, அறுவையா, வெறும் கண்காணிப்பா என்று முடிவுசெய்யும் வழக்கமும் ஈரலை மனத்தில் கொண்டே உருவாயின.

தசையில் இந்த அணுகுமுறை ஓரளவு செல்லுபடியாகிறது. தொடையிலோ முதுகுத் தசையிலோ வலியின்றிப் பெருக்கும் கட்டியைச் சுற்றி உடலே நார்த்திசுவால் ஓர் உறையைக் கட்டிவிடுவதால், தாய்க்கட்டிக்குள் சேய்க்கட்டிகள் அடுக்கியிருப்பது ஸ்கேனில் தெளிவாகத் தெரிவதுண்டு. உறையோடு, உடையாமல் எடுத்துவிட்டால் பெரும்பாலோருக்குத் தொல்லை அத்துடன் தீர்கிறது. கொழுப்புக்கட்டி என்று எண்ணி ஸ்கேன் எடுக்காமலே கத்தி வைப்பதுதான் இங்கே நேரும் பிழை. சிந்தும் நீர் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை அதிர்ச்சியையும், பின்னாளில் புதிய கட்டிகளையும் உண்டாக்கக்கூடும்.

எலும்பிலோ அந்த உறையே உருவாவதில்லை. கட்டி உருண்டு திரளாமல், பஞ்செலும்பின் இடுக்குகள் வழியே சிறு கொப்புளங்களாக ஊடுருவிச் செல்ல, பல ஆண்டுகள் கழித்து எலும்பு முறிந்தோ கால்கள் செயலிழந்தோதான் நோய் வெளிப்படுகிறது. அப்போது எலும்பைத் திறந்தால் குண்டூசித் தலையளவு முதல் திராட்சை அளவு வரையிலான வெண்ணிறக் கொப்புளங்கள் வழிந்து வரும். எலும்பு நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பாதிக்கப்படுவது முதுகெலும்பு. எக்ஸ்ரேயில் அது காசநோயாகவோ புற்றாகவோ தோன்றுவதால், காசநோய் மலிந்த நாடுகளில் அதற்கான மாத்திரைகளை வீணே விழுங்கியவர்களும் உண்டு. எதிர்ப்பொருளைத் தேடும் இரத்தப் பரிசோதனையும் எலும்பு நோயில் அடிக்கடி பொய்யாக ‘இல்லை’ என்று காட்டுவதால், அந்த விடையை மட்டும் நம்பி நோயை விலக்குவது தவறு. எம்.ஆர்.ஐ. படமே நம்பத்தக்க துணை. எனினும் அதைப் படிப்பவருக்கு இந்நோயின் நினைவு வர வேண்டும்.

சிகிச்சையிலும் இதே இடைவெளி தெரிகிறது. உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வீதம் ஒரு நாளுக்கான அளவை இரு வேளையாகப் பிரித்து, கொழுப்புள்ள உணவோடு தரப்படும் அல்பெண்டசோல், ஈரலின் சிறு கட்டிகளுக்குத் தனியாகவே போதுமானதாக இருக்கலாம். எலும்பில் அது பரவலைக் கட்டுப்படுத்துமே அன்றி வேரறுக்கும் என்று சொல்வதற்கில்லை. கட்டிக்குள் ஊசி செலுத்தி நீரை உறிஞ்சி, புழுக்கொல்லி மருந்தைச் செலுத்தும் முறையும், உறையற்றுக் கிளைத்த கொப்புளங்களிடம் பயனற்றுப்போகிறது. எனவே எலும்புப் புற்றைப் போலவே, நோயுற்ற பகுதியைச் சுற்றியுள்ள நல்ல எலும்போடு சேர்த்து அகற்றுவதே சரியான கொள்கை. தொடையெலும்பில் அது கைகூடலாம், முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் பெரும்பாலும் கைகூடாது. சுரண்டி எடுத்துக் கழுவிவிடும் அரைகுறை அறுவைக்குப் பின் நோய் திரும்பி வருவதே வழக்கம் என்பதால், முதுகெலும்பு நோயாளிக்கு ஓர் அறுவையோடு ‘குணம்’ என்று எழுதித் தருவதை விட, ஆண்டுக்கணக்கான கண்காணிப்பை முதல் நாளே சொல்லிவிடுவதுதான் நேர்மையான மருத்துவம்.