திருகு தெரியும் கண்ணாடி

திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் லாரி கிளப்பும் புழுதியும் சித்திரை வெயிலும் சேர்ந்தால் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் வண்டி ஓட்ட முடியாது. முன்பெல்லாம் நடைபாதையில் வாங்குவேன். ஆடி வருவதற்குள் கண்ணாடியின் கை ஒடிந்துவிடும். இப்போது போட்டிருப்பது அசிடேட் பிரேம். பஞ்சிலும் மரக்கூழிலும் உள்ள செல்லுலோஸிலிருந்து வரும் பொருள். லேசாகச் சூடு காட்டினால் வளையும், காதுக்கு ஏற்றபடி திருத்திக்கொள்ளலாம்.

நான் முதலில் பார்ப்பது கீலைத்தான். உலோகக் கீல் பிரேமுக்குள் பதிந்து, திருகு வெளியே தெரிய வேண்டும். தளர்ந்தால் கடைக்காரர் இரண்டு நிமிடத்தில் முறுக்கித் தருவார். கீலும் பிரேமும் ஒரே பிளாஸ்டிக் வார்ப்பென்றால் உடைந்த அன்றே குப்பைதான். லென்ஸும் தனியே கழன்று வரவேண்டும். முதலில் கீறல் விழுவது அதில்தான், அதுவும் புழுதியோடு சட்டை நுனியால் துடைக்கிறவர்களுக்கு. தண்ணீரில் கழுவிய பிறகே துணி படலாம்.

1937-இல் விற்பனைக்கு வந்த ரேபான் ஏவியேட்டரின் கண்ணாடி லென்ஸ் மேல் எனக்குத் தீராத ஆசை. கீறலை நன்றாகத் தாங்கும். ஆனால் வண்டி ஓட்ட, எளிதில் சில்லாகாத பாலிகார்பனேட்தான் சரி. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் யூவி 400 கட்டாயம். அது இல்லாத வெறும் கறுப்பு, கண்பாவையை விரியவைத்துப் புற ஊதாக் கதிரை உள்ளே விட்டுவிடும்.

என் அசிடேட் கண்ணாடியை வாங்கி ஆறு வருஷமாகிறது. திருகு இரண்டு முறை மாறியது, லென்ஸ் ஒரு முறை. பிரேம் அதேதான். இடது கை மட்டும் வியர்வை பட்டு லேசாக வெளுத்திருக்கிறது.