பார்க்கப்பட்டவர் பார்த்தவை

நடிகர் ஒருவர் தூரிகையைப் பிடித்தாலும், புகைப்படக் கருவியைக் கையில் எடுத்தாலும் இருவகைத் தீர்ப்புகள் எழுவது வழக்கம். ரசிகர்கள் அதனை மேதைமை என்பார்கள். கலைவாணர்களோ, ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவார்கள். இரண்டுமே படைப்பைப் பாராமல் பெயரைப் பார்த்துக் கூறப்படும் தீர்ப்புகள். அமெரிக்க நடிகர் டென்னிஸ் ஹாப்பர் (1936-2010) குறித்து இவ்விரண்டையும் விலக்கிவிட்டு, அவர் எடுத்த படங்களையே சாட்சிக்கு அழைப்பதுதான் நியாயம்.

கான்சாஸ் மாநிலத்தின் டாட்ஜ் சிட்டியில் பிறந்த ஹாப்பர், 1955-இல் 'ரெபல் வித்தவுட் எ காஸ்' படத்திலும், 1956-இல் வெளிவந்த 'ஜயண்ட்' படத்திலும் ஜேம்ஸ் டீனுடன் நடித்தவர். 1958-இல் வெளியான ஒரு படத்தின்போது இயக்குநர் ஹென்றி ஹாத்தவேயுடன் மோதியதால், ஹாலிவுட்டின் பெரிய வாசல்கள் அவருக்கு அடைபட்டன. 1961-இல் மனைவி ப்ரூக் ஹேவர்ட் அவருக்கு நிக்கான் கருவியொன்றைப் பரிசளித்தார். அதே ஆண்டு நவம்பரில் பெல் ஏர் பகுதியில் மூண்ட பெருந்தீ, அவருடைய இல்லத்தையும் அவர் வரைந்து வைத்திருந்த ஓவியங்களையும் சாம்பலாக்கியது. அதன்பின் 1967 வரை அவர் கழுத்தில் எந்நேரமும் அக்கருவி தொங்கியது. 'சுற்றுலாப் பயணி' என்று நண்பர்கள் அவரைக் கேலி செய்தனர்.

ஓவியங்கள் எரிந்தன, ஓவியரின் கண் எரியவில்லை. 1961-இல் எடுத்த 'டபுள் ஸ்டாண்டர்டு' என்னும் கறுப்பு வெள்ளைப் படம் அதற்குச் சான்று. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரச் சாலைச் சந்திப்பொன்றைக் காருக்குள் இருந்தபடியே எடுத்திருக்கிறார். எதிரே பெட்ரோல் நிலையத்தின் இரு 'ஸ்டாண்டர்டு' பலகைகள். மேலே உள்ள சிறு கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகள். முன்னும் பின்னும் ஒரே சட்டத்துள் அடங்கிவிடுகின்றன. ஒரே பெயர் இருமுறை நிற்பதால் தலைப்பு 'இரட்டை அளவுகோல்' என்றும் பொருள் தந்து, அந்தச் சமுதாயத்தையே குத்திக் காட்டுகிறது.

1965 மார்ச்சில் செல்மாவிலிருந்து மாண்ட்கோமெரி வரை, வாக்குரிமைக்காக 54 மைல் நடந்த கறுப்பின மக்களின் பேரணிக்கும் அவர் சென்றார். ஒலிவாங்கிகளின் முன் நின்று பேசும் மார்ட்டின் லூதர் கிங்கைப் படம்பிடித்தார். பிறர் பார்ப்பதற்காகவே ஊதியம் பெற்ற மனிதர், இங்கே தம்மை மறைத்துக்கொண்டு பிறரைப் பார்க்கிறார். அவருடைய கலை உயர்ந்து நிற்பது இவ்விடத்தில்தான்.

எல்லாப் படங்களும் அத்தகையன அல்ல. வலையின் நிழல் மேனியில் படர அமர்ந்திருக்கும் நடிகர் பால் நியூமனின் படம் அழகுதான். எனினும் அதில் எட்டிப் பார்ப்பது திரையுலகம் பழக்கிய அழகு. பிற்காலத்தில் தம் பழைய புகைப்படங்களை விளம்பரப் பலகை அளவு ஓவியங்களாக ஆக்கினார். அளவு பெருகிற்று, அந்தரங்கம் குறைந்தது.

1969-இல் அவரே இயக்கிய 'ஈஸி ரைடர்' புகழைத் தந்தது. மதுவும் போதையும் பல ஆண்டுகளைத் தின்றன. அவர் வாழ்க்கை பின்பற்றத் தக்கதன்று. 1970-இல் டெக்சாஸ் மாநிலத்து ஃபோர்ட் வொர்த்தில் காட்சிக்கு வைத்த நானூறுக்கும் மேற்பட்ட படங்கள் பின்னர் பெட்டிகளில் மறக்கப்பட்டுக் கிடந்தன. அவர் மறைந்த பின்னரே அவை கண்டெடுக்கப்பட்டு, 2012-இல் பெர்லினிலும் 2014-இல் லண்டனிலும் மக்கள் பார்வைக்கு வந்தன.

திரையில் அவர் பேசியவற்றுள் பெரும்பாலானவை பிறர் எழுதிக் கொடுத்தவை. பெட்டிக்குள் கிடந்தவை அவரே தேர்ந்து கண்டவை. இன்று நம் இல்லங்களில் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் படக்கருவி இருக்கிறது. அது பெரும்பாலும் அவரவர் முகத்தையே நோக்கித் திரும்பியிருக்கிறது. முகத்தை விற்றுப் பிழைத்த ஒருவர், கருவியை மறுபுறம் திருப்பி எதையெல்லாம் கண்டார் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம்.