செருப்பு விலைக்கு விற்றவர்கள்

ஆமோஸ் என்றதும் எங்கள் பக்கத்துப் பிரசங்கிகள் அழிவு, அக்கினி, கடைசி நாள் என்று தொண்டை கிழியப் பேசுவார்கள். எதற்காக அக்கினி என்று கேட்டால் குடி, சினிமா, பொம்பளைப் பிள்ளைகளின் உடுப்பு என்று பட்டியல் வரும். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்த்த என் அம்மா கடைசி வரிசையில் மணலில் உட்கார்ந்து இதைத்தான் கேட்டாள். எம்.ஏ. தமிழ் முடித்த பிறகுதான் அந்தச் சிறு நூலை ஒரு பிரதியாக நான் முழுசாக வாசித்தேன். குடி அதில் வருகிறது. ஆனால் அது ஏழையிடம் பிடுங்கிய அபராதக் காசில் குடிக்கிறவர்களின் குடி. மற்றபடி கி.மு. எட்டாம் நூற்றாண்டு இஸ்ரவேலின் மேல் ஆமோஸ் வைக்கும் குற்றப்பத்திரிகை முழுக்கக் கணக்கு வழக்குதான். அளவைக் குறைத்தல், தராசில் ஏமாற்றுதல், பதரை தானியமென்று விற்றல், ஏழையை ஒரு ஜோடி செருப்பு விலைக்கு விற்றல்.

அந்தச் செருப்பு என்னை விடவில்லை. அற்ப விலையைச் சொல்கிறது என்பார்கள். நிலம் கைமாறும்போது செருப்பைக் கழற்றிக் கொடுக்கும் பழைய வழக்கம் ரூத் நூலில் இருக்கிறது, அதைச் சுட்டுகிறது என்றும் சொல்வார்கள். இருக்கட்டும். ஊர்த் தெருவில் செருப்பைக் கையில் தூக்கி நடந்த சனத்துக்கு, பாத்தியில் இறங்கி உப்பு வாரிக் கால் வெடித்த சனத்துக்கு அது உவமையாகப் படாது. முன்பணம் வாங்கியவள் அதை அடைக்கும்வரை அதே அளத்துக்குத்தான் போக வேண்டும் என்பதை வீட்டிலேயே பார்த்தவன் நான். ஆளை விற்பதென்றால் சந்தையில் நிறுத்தி ஏலம் விடுவது மட்டுமா?

அதுவும் நடந்ததுதான். 1658இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக் கம்பெனி, 1670களின் பஞ்சத்தில் மதுரைக் கரையில் மனிதர்களை வாங்கி அடிமைகளாகக் கப்பலேற்றியது. முத்துக்குளித்துறைப் பெருமை பேசுகிறவர்கள் இந்தச் சரக்கைப் பற்றிப் பேசுவது அபூர்வம். ஆமோஸ் காசாவையும் துறைமுக நகரமான தீருவையும் கூண்டில் ஏற்றுவதே, சனங்களை மொத்தமாகப் பிடித்து ஏதோமுக்கு ஒப்படைத்ததற்காகத்தான்.

தமிழ் படித்தவனாக ஒரு குறையும் எனக்குண்டு. கூடைநிறையப் பழம் காணும் தரிசனத்தில் எபிரேயத்தில் சிலேடை ஒன்று இருக்கிறது. 'காயித்ஸ்' கோடைக்கனி, 'கேத்ஸ்' முடிவு. தமிழ் வேதாகமத்தில் பழம் தனியாக, முடிவு தனியாகக் கிடக்கிறது. நம்மிடம் சொல் இல்லாமலா? காயும் முற்றும், கதையும் முற்றும். "கலி முத்திப் போச்சு" என்று அம்மா சொல்லும்போது இரண்டும் ஒன்றாகத்தானே வருகிறது. பண்டிதர்கள் அவளிடம் கேட்டிருக்கலாம்.

பெத்தேல் ஆலய குரு அமத்சியா, தெற்கிலிருந்து வந்த ஆமோஸைப் பார்த்து உன் நாட்டுக்குப் போய்ப் பிழைத்துக்கொள் என்று விரட்டுகிறான், ராஜாவுக்குச் சதி என்று ஆள் அனுப்புகிறான். ஸ்டெர்லைட்டை எதிர்த்த மக்களில் 13 பேர் 2018 மே 22, 23இல் போலீஸ் சுட்டுச் செத்தபோது 'சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள்' என்றார்களே, அதே வசனம்.

ஆனாலும் ஆமோஸைத் தலித் என்று அறிவிக்கும் அவசரம் எனக்கில்லை. அவன் தொழிலைச் சொல்லும் எபிரேயச் சொல், மந்தைகள் வைத்திருந்த மோவாப் ராஜா மேசாவுக்கும் வழங்கியிருக்கிறது. கூலி மேய்ப்பனாக இல்லாமல் ஆட்டுக்காரனாகவே இருந்திருக்கலாம். எனக்கு முக்கியம் வேறு. இஸ்ரவேலரும் எத்தியோப்பியரும் கடவுளுக்கு ஒன்றுதான் என்று சொல்லிப் பிறப்பின் மேன்மையைப் போட்டு உடைக்கிறான். கல்லறையில்கூடச் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கிய திருச்சபைகளில் இந்த இடத்தை வைத்து ஒரு பிரசங்கம் நான் கேட்டதில்லை.

ஒருநாள் நூலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தமஸ்கு, காசா, தீரு என்று ஊர் ஊராகத் தீ விழும் தொடக்கத்திலேயே நிறுத்தச் சொன்னாள்.

"ஏல, அரமன வேகட்டும். அதுக்கு வெளிய கெடந்து தூங்குறவன் எங்கல போவான்?"

இதற்கு ஆமோஸிடம் பதில் இல்லை. பஞ்சமும் நாடுகடத்தலும் எல்லார் தலையிலும்தான் விழுகிறது. குற்றப்பத்திரிகை வரை அவனோடு போகிறேன். தண்டனை எழுதும் இடத்தில் அம்மாவோடு நின்றுவிடுகிறேன்.