உறைபனித் தாங்குதிறனும் இயல் – அயல் பகுப்பும்: நீலகிரிச் சோலை, புல்வெளி ஆய்வுகள் குறித்த ஒரு மதிப்பீடு

நீலகிரியின் உயர்மட்டத்தில் சோலைகளும் புல்வெளிகளும் அடுத்தடுத்து அமைந்திருப்பதன் காரணம் நீண்டகால விவாதப் பொருளாகும். 1938இல் சி.ஆர். ரங்கநாதன், சோலை மரங்கள் புல்வெளிக்குள் பரவாமல் தடுப்பது உறைபனியே எனக் கருதினார். அதே ஆண்டில் என்.எல். போர் தீயை முதன்மைக் காரணமாகக் கொண்டார். அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் ஆகியோர் 2020இல் வெளியிட்ட ஆய்வு உறைபனிக் கருத்துக்கு வலுச்சேர்த்தது. அயல் மரமாகிய சீகை (வாட்டில்) இச்சமநிலையைக் குலைக்கக்கூடும் என்பதையும் சுட்டியது.

இதிலிருந்து, இயல் தாவரம் உறைபனியில் கருகும், அயல் தாவரம் தாங்கும் என்று பொதுவிதி வகுப்பது பொருந்தாது. இயல் மரமான காட்டுப்பூவரசு (ரோடோடென்ட்ரான்) திறந்த புல்வெளியிலும் நிலைத்து நிற்கிறது. அயல் பயிரான தேயிலையோ கடும் உறைபனி பெய்யும் ஆண்டுகளில் கருகிப்போகிறது. எனவே தாங்குதிறனை முடிவுசெய்வது இயல், அயல் என்னும் பெயரன்று. அத்தாவரத்தின் மரபு எத்தட்பவெப்பத்தில் உருவானது என்பதே. சீகையின் தாயகமான தென்கிழக்கு ஆஸ்திரேலியா உறைபனி அறிந்த நிலமாகும். காட்டுப்பூவரசின் இனம் இமயமலையிலும் வாழ்கிறது. சோலை மரங்களுள் பெரும்பாலானவை வெப்பமண்டல மரபின.

இலையை மட்டும் அளவுகோலாகக் கொள்வதிலும் குறையுண்டு. தெளிந்த வானமுள்ள இரவில், திறந்தவெளியிலுள்ள இலை தன் வெப்பத்தை இழந்து சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்கிறது. செல்லிடைவெளிகளில் தோன்றும் பனிக்கட்டி செல்லின் நீரை வெளியே இழுக்க, செல்சவ்வு சிதைகிறது. உறைந்த இலையின்மீது காலை வெயில் படும்போது சேதம் மிகுகிறது. சோலையின் மரக்கவிகையோ இவ்வெப்ப இழப்பைக் குறைத்து நாற்றைக் காக்கிறது. ஆகவே முதிர்ந்த மரத்தின் இலையைப் பறித்து ஆய்வகத்தில் குளிரூட்டிப் பெறும் அளவு, வெட்டவெளியில் நிற்கும் நாற்றின் கதியைக் கூறிவிடாது.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. உறைபனியைத் தாங்குதல் சிறப்பு, தாங்காமை குறை என்னும் நோக்கு, புல்வெளியை மரமற்ற வெற்றிடமாகக் கண்டு அங்கு மரம் நடுவதற்கு இடந்தருகிறது. உண்மையில், சோலை நாற்றின் தாங்காமையே புல்வெளியைப் புல்வெளியாக நிலைநிறுத்திய காரணிகளுள் ஒன்று. குளிர்கால இரவுகள் வெப்பமடையுமாயின் அவ்வரண் தளரும். எனவே சீகையை அகற்றிய இடத்தில் எதை நடுவது என்னும் வினாவுக்கு முன், அவ்விடம் முன்பு சோலையா, புல்வெளியா என்பதை உறுதிசெய்தல் வேண்டும். புல்வெளியாக இருந்த நிலத்தில் இயல் மரத்தை நடுவதும் மீட்பாகாது.